சாவு வீட்டு உருளைக்கிழங்கு

எங்கள் தெருவிலேயே சுத்தமான தபால் பெட்டி என்னுடையதுதான். வாரத்துக்கு ஒரு முறை ஈரத்துணியால் துடைப்பேன். உள்ளே சிலந்தி கூடு கட்டாது, குளவி குடியேறாது. "உங்க பெட்டியில மட்டுந்தான் பயப்படாம கைய விடுவேன்" என்று தபால்காரி ப்ரெண்டா அந்தக் காலத்தில் சொல்வாள். இதை ஏன் முதலில் சொல்கிறேன் என்றால், நாளைக்கு ஊரில் என்னைப் பற்றி யார் என்ன பேசினாலும், வந்த கடிதங்களை நான் மரியாதையோடுதான் நடத்தினேன் என்பது உனக்குத் தெரிந்திருக்க வேண்டும், டெரிக்.

உட்கார். அந்தத் தாள்களை மடியிலேயே வைத்துக்கொள், இப்போது காட்ட வேண்டாம். "குபிசெக் கொலாச்சி எல்.பி. விஷயமா வந்திருக்கேன், அது செத்துப்போச்சுன்னு மாநிலப் பதிவேட்டுல போட்டிருக்கு" என்று வாசலில் நின்று நீ சொன்னபோதே எனக்குப் புரிந்துவிட்டது. பொருட்காட்சிக் கமிட்டிக்குப் புதுச் செயலாளராக வந்திருக்கிறாய். பழைய கோப்புகளைத் தூசி தட்டியிருக்கிறாய். என்றைக்காவது ஒருவர் வருவார் என்று ஏழு வருடமாக எதிர்பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். வந்தவர் உன்னைப் போல ஷூவைத் துடைத்துவிட்டு உள்ளே வருகிறவராக இருப்பதில் எனக்குச் சந்தோஷம்தான். காபி ஊற்றியிருக்கிறேன். கொலாச்சி ரொட்டி எடுத்துக்கொள். இந்தத் தட்டில் இருப்பது நடுவில் பிளம் வைத்தது, அது கசகசா வைத்தது.

ஆமாம், நான்தான் கொன்றேன்.

முகத்தை அப்படி வைத்துக்கொள்ளாதே. ஆள் யாரும் சாகவில்லை. செத்தது ஒரு கூட்டாண்மை, எல்.பி. என்று போடுவார்களே, வரம்புக் கூட்டாண்மை. ஆனால் அதற்கும் ஒரு பெயர் உண்டு, பிறந்த தேதி உண்டு, முகவரி உண்டு. வருடத்துக்கு ஒரு முறை ஒரே ஒரு பக்கத்தில் "நான் உயிரோடு இருக்கிறேன்" என்று மாநிலத்துக்கு எழுதிக் கொடுக்க வேண்டிய கடமையும் உண்டு. ஆண்டறிக்கை என்பார்கள். எழுதிக் கொடுக்காவிட்டால் மாநிலம் இரண்டு தடவை கேட்டுப் பார்க்கும். பிறகு செத்துவிட்டது என்று எழுதிக்கொள்ளும். ரத்தம் கிடையாது, சத்தம் கிடையாது. தரையைத் துடைக்க வேண்டிய வேலைகூட இல்லை.

காரணத்தைச் சொல்கிறேன். நியாயமான காரணம்தான், நீயே ஒத்துக்கொள்வாய்.

பொருட்காட்சியில் எங்கள் கடை நிற்கும் மூலையை உனக்குத் தெரியும். பன்றிக் கொட்டகையிலிருந்து வரும் வழியும், டிராக்டர் இழுக்கும் போட்டியிலிருந்து கழிப்பறைக்குப் போகும் வழியும் சந்திக்கிற இடம். இந்த மாவட்டத்தில் பிறந்த எவனும் ஆகஸ்டு மாதத்தில் அந்த மூலையைத் தாண்டாமல் இருக்க முடியாது. அறுபது வருடத்துக்கு முன்னால் அப்பா பிடித்த மூலை அது. கமிட்டி ஐந்து வருடத்துக்கு ஒரு முறை ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும். ஒப்பந்தம் ஆளோடு இல்லை, பெயரோடு. குபிசெக் கொலாச்சி என்ற பெயர் யாரிடம் இருக்கிறதோ அவருக்கு மூலை.

அப்பா படுக்கையில் விழுந்தபோது வக்கீல் டிட்மரைக் கூப்பிட்டு ஒரு கூட்டாண்மை எழுதச் சொன்னார். என் தம்பி டுவேன் பொதுப் பங்காளி, நிர்வாகமும் கடன் பொறுப்பும் அவனுக்கு. நான் வரம்புப் பங்காளி, பங்கு மட்டும். டுவேன் என்னைவிட நாலு வயது சின்னவன். மாவுக்கு ஈஸ்ட் எவ்வளவு போட வேண்டும் என்று இன்றைக்கும் அவனுக்குத் தெரியாது.

"இது உங்க நல்லதுக்குத்தான் லோர்னா" என்றார் டிட்மர். "கடையில சாப்பிட்டு எவனுக்காவது வயித்துக்கு ஆகாமப் போயி, அவன் கோர்ட்டுக்குப் போனான்னு வைங்க. டுவேன் வீட்டு வாசல் வரைக்கும் வருவான். உங்க வீட்டுப் பக்கம் எட்டிப் பாக்க முடியாது. ஆனா ஒண்ணு, நிர்வாகத்துல நீங்க கை வைக்கக் கூடாது. வச்சீங்கன்னா அந்தப் பாதுகாப்புக்குச் சிக்கல் வரும்."

வேறு யாராக இருந்தாலும் இதைக் கேட்டுவிட்டு மறந்திருப்பார்கள். டுவேன் சட்டத்துக்குப் பயந்தவன். நேராக இரும்புக் கடைக்குப் போய் ஒரு சுருள் நீல டேப் வாங்கி வந்தான். கடைக்குள் தரையில் இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர் வரைக்கும் ஒரு கோடு ஒட்டினான். கோட்டுக்கு இந்தப் பக்கம் அடுப்பு, மாவு, நான். அந்தப் பக்கம் ஜன்னல், மணி, பெயர்ப்பலகை, ஊர் ஜனம், டுவேன்.

ஜன்னலில் வைத்த பிளம் தட்டில் குளவி உட்காரும். மூடலாம் என்று ஒரு எட்டு வைப்பேன்.

"அக்கா, கோடு" என்பான்.

பல் டாக்டர் வீட்டம்மா ஜன்னலில் வந்து நின்று, எனக்கு உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்பாள். பதில் சொல்லக் கழுத்தை நீட்டுவேன். "அக்கா, கோடு." கிறிஸ்துமஸ் விருந்தில் குழம்புக்கு உப்புப் பற்றவில்லை என்று சொன்னேன். அதற்கும் "அக்கா, கோடு" என்றான். மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்த பதினொரு பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். எங்கள் பக்கத்தில் மானம் போனால் சிரித்துவிட்டு, தட்டை நீட்டி இன்னொரு கரண்டி போட்டுக்கொள்வதுதான் வழக்கம். பத்து வருடம் இப்படி இன்னொரு கரண்டி போட்டுக்கொண்டேன். எனக்கு அதில் ஒன்றும் வருத்தமில்லை. இடுப்புதான் கொஞ்சம் பெருத்தது.

பிறகு ஒரு ஆகஸ்டில் அவன் கசகசாவை எடுத்துவிட்டான்.

நீ கையில் வைத்திருக்கிறாயே, அதைத்தான். பொருட்காட்சியின் முதல் நாள் காலையில் போய்ப் பார்க்கிறேன், விலைப்பலகையில் கசகசா என்ற வரியைக் காணோம். அந்த இடத்தில் பேக்கன் மார்ஷ்மெல்லோ என்று எழுதியிருக்கிறது. பன்றிக் கொட்டகையைப் பார்த்தபடி நின்றுகொண்டு பன்றி இறைச்சி. எங்கள் அம்மா கசகசாவைப் பாலில் வேகவைத்து, தேன் விட்டு, சுருளச் சுருளக் கிண்டுவாள். அந்த வாசனையில்தான் நாங்கள் இரண்டு பேரும் வளர்ந்தோம்.

"கசகசா எங்கடா?" என்று கேட்டேன்.

"இந்தக் காலத்துல யாருக்குக்கா கசகசா வேணும்? பல்லுல மாட்டிக்குதுங்கறாங்க."

"அம்மா செஞ்சதுடா அது."

"செஞ்சாங்க. யாரு இல்லேன்னா? இப்ப நிர்வாகம் யாரு?"

"நீ."

"நீ யாரு?"

"வரம்பு."

"அப்ப மாவப் பிசை" என்று சொல்லிவிட்டு, பலகையில் ஓரமாக ஒட்டியிருந்த சாக்பீஸ் தூளை ஊதிவிட்டான். அவன் கெட்டவன் இல்லை. ஊதியதில் ஒரு வன்மமும் இல்லை. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

செப்டம்பரில் கடிதம் வந்தது.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு கூட்டாண்மைக்கும் ஒரு பதிவு முகவர் வேண்டும். மாநிலம் அனுப்பும் கடிதத்தைக் கையில் வாங்க, பகலில் வீட்டிலிருக்கிற ஒரு ஆள். அவ்வளவுதான் வேலை. டுவேனின் பண்ணை வீட்டுத் தபால் பெட்டியை வருடா வருடம் பனி வாரும் வண்டி இடித்துத் தள்ளிவிடும். அதனால் முகவராக என் பெயரைப் போட்டான். "ஒண்ணும் செய்ய வேணாங்கா, சும்மா வீட்ல இருந்தாப் போதும்" என்றான். முந்தைய வருடங்களில் அறிக்கைத் தாள் வந்ததும் அவனுக்குப் போன் செய்து சொல்வேன், அவன் வந்து வாங்கிப் போவான். அந்தச் செப்டம்பரில் நான் போன் செய்யவில்லை.

கிழிக்கவில்லை. எரிக்கவும் இல்லை. அரசாங்கக் கடிதத்தை எரிக்கிற ஆள் நான் இல்லை. நான்காக மடித்து, பாத்திரம் துடைக்கும் துண்டுகளுக்கு அடியில், இழுப்பறையில் வைத்தேன். மேலே கோழிப் படம் போட்ட துண்டை விரித்து மூடினேன்.

அந்த மாதம் முழுக்க ஞாயிற்றுக்கிழமை தோறும் சர்ச் வாசலில் டுவேன் கேட்பான், "அக்கா, எதாவது கடுதாசி வந்துச்சா?"

"உனக்கு ஒண்ணும் வரலடா" என்பேன்.

இது பொய் இல்லை. கடிதம் பதிவு முகவரின் பெயருக்கு வந்தது. என் பெயருக்கு. என் வாழ்நாளில் நான் பொய் சொன்னதில்லை, டெரிக்.

டிசம்பரில் இரண்டாவது கடிதம். அறுபது நாள் கெடு. அதுவும் துண்டுக்கு அடியில் போனது. அந்தக் குளிர்காலத்தில் நூலகத்துக்குப் போய்ச் சட்டத்தைப் படித்தேன். அழகான சட்டம். கெடு தாண்டினால் கூட்டாண்மை கலைந்ததாக அறிவிப்பார்கள். அதற்குப் பிறகு அது மூட்டை முடிச்சைக் கட்டுகிற வேலையைத் தவிர வேறெதுவும் செய்யக் கூடாது. ஆனால் இரண்டு வருடத்துக்குள் விட்டதை எல்லாம் எழுதிக் கொடுத்து, கையைக் கட்டி நின்று கேட்டால் மீண்டும் உயிர் கொடுத்துவிடுவார்கள், நடுவில் சாகவே சாகாத மாதிரி. இரண்டு வருடம் தாண்டிவிட்டால் கதை முடிந்தது. பெயர் தெருவுக்கு வந்துவிடும். யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம்.

கவனித்துப் பார்த்தால், இதில் நான் செய்ய வேண்டியது என்று எதுவுமே இல்லை. சும்மா வீட்டில் இருந்தால் போதும். தம்பி சொன்னதைத்தான் செய்தேன்.

பிப்ரவரி ஒன்பதாம் தேதி கலைப்புச் சான்றிதழ் வந்தது. நல்ல கனமான தாள், ஓரத்தில் முத்திரை. சமையலறையில் நின்றபடியே இரண்டு தடவை படித்தேன். மனசுக்கு ஒரு மாதிரி இருந்தது. ஒரு சாவு நடந்திருக்கிறது, சொந்தக்காரனுக்குத் தெரியாது, நாம் வெறுங்கையோடு உட்கார்ந்திருக்கிறோம். அது முறையில்லை. உருளைக்கிழங்கைத் துருவி, சீஸும் கோழி சூப்பும் ஊற்றி, மேலே கார்ன்ஃபிளேக்ஸை நொறுக்கித் தூவி அடுப்பில் வைத்தேன். உன் அம்மாவும் சாவு விழுந்த வீட்டுக்குச் செய்து எடுத்துப்போவாளே, சாவு வீட்டு உருளைக்கிழங்கு. அடியில் டேப் ஒட்டி 'லோ. குபிசெக்' என்று எழுதிய நீலப்பூ போட்ட கண்ணாடிப் பாத்திரத்தில் வைத்து, துண்டில் சுற்றி, டுவேன் வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

அவன் மூடியைத் திறந்து பார்த்தான். "யாருக்கா செத்தது?"

"உனக்குத் தெரிஞ்சவங்கதான்."

"அடப் பாவமே. ரொம்ப அவஸ்தைப்பட்டாங்களா?"

"இல்லடா. தூக்கத்துலயே."

"குடுத்து வச்சவங்க" என்று சொல்லிவிட்டு ஸ்பூனை எடுத்தான். யார் என்று கேட்க மறந்துவிட்டான். முதல் தட்டு முடிந்ததும் இன்னொரு தடவை போட்டுக்கொண்டான். பாத்திரத்தை மட்டும் திருப்பித் தரவில்லை. எங்கள் ஊரில் ஒருவர் பாத்திரத்தை வைத்துக்கொள்வது எவ்வளவு பெரிய தப்பு என்று உனக்குத் தெரியும். நான் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

பிறகு இரண்டு கோடைகாலம். இரண்டு பொருட்காட்சி. செத்துப் போன கடையின் ஜன்னலில் நின்று என் தம்பி சிரித்துச் சிரித்து வியாபாரம் செய்தான். அதன் பெயரில் கையெழுத்துப் போட்டான். மூலைக்கு முன்னால் நின்று எங்கள் இருவரையும் பத்திரிகைக்காரன் படம் எடுத்தான். அந்தப் படத்தில் நான் எவ்வளவு அமைதியாக இருக்கிறேன் என்று எல்லோரும் சொன்னார்கள். தீவனக் கடை கொடுத்த காலண்டரில் மாதத்துக்கு ஒரு புள்ளி வைத்துக்கொண்டு வந்தேன். இருபத்து நாலு புள்ளி. அதில் எந்த மாதத்திலும் நான் போனை எடுத்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் ஒரு பக்கம் நிரப்பி அனுப்பி, எல்லாம் சரியாகிப் போயிருக்கும். இதை நான் மறைக்கவில்லை.

இரண்டு வருடக் கெடு முடிந்ததும், பிப்ரவரி பன்னிரண்டாம் தேதி, குபிசெக் கொலாச்சி எல்.பி. என்ற பெயரில் புதிதாக ஒரு கூட்டாண்மையைப் பதிவு செய்தேன். எழுத்துக்கு எழுத்து அதே பெயர். பொதுப் பங்காளி, லோர்னா குபிசெக்.

மார்ச்சில் கமிட்டிக் கூட்டம். நீ அப்போது வெளியூரில் படித்துக்கொண்டிருந்தாய். பள்ளிக்கூடத்து விளையாட்டு மண்டபத்தில் மடக்கு நாற்காலி போட்டிருந்தார்கள். டுவேன் சட்டையை இஸ்திரி போட்டு வந்திருந்தான். அப்போதைய செயலாளர் மார்ஜ் பதிவேட்டைப் பார்த்தாள், கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தாள்.

"டுவேன், உங்க கூட்டாண்மை கலைஞ்சு ரெண்டு வருஷம் ஆச்சே. இதே பேர்ல உயிரோட ஒண்ணு இருக்கு. ஆனா அது உங்களோடது இல்ல."

மண்டபமே திரும்பிப் பார்த்தது. டுவேனுக்குப் பயமே இல்லை. சிரித்தான். "எங்கயோ தப்பா ஏறியிருக்கும் மார்ஜ். கடுதாசியெல்லாம் எங்கக்காகிட்டதான் வரும். அவ ஒண்ணக்கூட விட மாட்டா" என்று சொல்லிவிட்டு, என்னைப் பார்த்துக் கையை நீட்டினான்.

நான் மூன்றாவது வரிசையிலிருந்து எழுந்து என் சான்றிதழை எடுத்துக்கொண்டு முன்னால் போனேன். தரையில் கூடைப்பந்துக் கோடு ஒன்று குறுக்கே போகிறது. அதைத் தாண்டிப் போனேன். யாரும் 'கோடு' என்று கூப்பிடவில்லை. அந்த ஒரு அடி எடுத்து வைத்தபோது எனக்கு இருந்த சந்தோஷத்தை உனக்கு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. டுவேன் தொப்பியை முழங்காலில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். நீட்டிய கையை மடக்கவே இல்லை.

கடிதம் எப்படித் தவறியது என்று ஊரில் ஒரு வாரம் பேச்சு. ப்ரெண்டாதான் எங்கேயோ போட்டுவிட்டாள் என்று முடிவு கட்டினார்கள். அவளைக் கப்பிக்கல் ரோட்டுப் பக்கம் மாற்றினார்கள், வீட்டுக்கு மூன்று நாய் உள்ள பக்கம். நான் ஒன்றும் சொல்லவில்லை. என்னை யாரும் கேட்கவும் இல்லை.

கூட்டம் முடிந்து போகும்போது டுவேன் தன் ஃபைலை நாற்காலியிலேயே விட்டுவிட்டுப் போனான். எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்து திறந்து பார்த்தேன். உள்ளே மாநிலத்துக்கு அனுப்ப வேண்டிய ஒரு திருத்தப் படிவம். நிரப்பி, கையெழுத்துப் போட்டு வைத்திருந்தான். கூடுதல் பொதுப் பங்காளி, லோர்னா குபிசெக். மேலே ஒரு மஞ்சள் சீட்டு ஒட்டியிருந்தது. "அறுபதாவது பிறந்தநாளுக்கு. இனிமே கோடு இல்லக்கா."

என் பிறந்தநாள் மார்ச் பத்தொன்பது.

சமையலறைத் தரையில் உட்கார்ந்து அழுதேன். மறைக்க மாட்டேன், நன்றாகவே அழுதேன். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு யோசித்தேன். இப்படி ஒரு எண்ணம் இருந்தவன் முன்னாலேயே வாயைத் திறந்திருக்க வேண்டாமா? சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் ஒளித்து வைத்தால் எவ்வளவு கெடுதல் வரும் என்று அவனுக்குத் தெரியவில்லை. அந்தத் தப்பு அவனுடையதுதான். படிவத்தை நான்காக மடித்து, கோழிப் படம் போட்ட துண்டுக்கு அடியில் வைத்தேன். இன்னும் அங்கேதான் இருக்கிறது, வேண்டுமானால் பார்.

பொறு, டெரிக். முடித்துவிடுகிறேன். தாளை நீட்டாதே.

அவனை நான் தெருவில் விடவில்லை. என் கூட்டாண்மையில் அவனை வரம்புப் பங்காளியாகச் சேர்த்துக்கொண்டேன். எத்தனை அக்காமார் அப்படிச் செய்வார்கள்? அவன் வீடு வாசலுக்கு இனி ஆபத்தில்லை, அந்தப் பாரமெல்லாம் என் தலையில். கசகசா பலகைக்குத் திரும்பி வந்தது. பேக்கன் போனது. "ஒரே ஒரு தட்டு மட்டும் போடலாமாக்கா? பசங்க கேக்கறாங்க" என்று ஒரு நாள் கேட்டான். "நிர்வாகம் யாருடா?" என்றேன், சிரித்துக்கொண்டேதான். தரையில் டேப் தேய்ந்து போயிருந்தது. புதிதாக ஒட்டினேன். அதே நீலம்தான், நிறத்தைக்கூட மாற்றவில்லை. "டுவேன், கோடு" என்று நான் சொல்வது அவசியம் வந்தால் மட்டும்தான். ஒரு நாளைக்கு ஏழெட்டுத் தடவைக்கு மேல் இருக்காது.

அவன் எப்படி மாறிவிட்டான் என்று நீ பார்க்க வேண்டும். முணுமுணுப்பதுகூட இல்லை. பண்ணையை விற்றுவிட்டு ஊருக்குள் குடிவந்த வருடம், அவனே என்னிடம் வந்தான்.

"அக்கா, நீ இப்பல்லாம் நாள் பூரா சர்ச் சமையலறையில கடைக்கு மாவோட மாரடிக்கிற. அந்த முகவர் வேலைய எம்பேருக்கு மாத்திரு. நான் வீட்ல சும்மாதான இருக்கேன். கடுதாசிய நான் பாத்துக்கறேன்."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. அப்போதுதான் தெரிந்தது, அவன் என்னை மன்னித்துவிட்டான் என்று. நான் கேட்காமலேயே. மூன்று வருடமாக அவன்தான் பார்த்துக்கொள்கிறான். ஞாயிற்றுக்கிழமை சர்ச் வாசலில் நான் மறக்காமல் கேட்பேன், "டுவேன், எதாவது கடுதாசி வந்துச்சா?"

"உனக்கு ஒண்ணும் வரலக்கா" என்பான், தலையைக்கூட நிமிர்த்தாமல்.

எவ்வளவு பொறுப்பாக இருந்தால் ஒரு கடிதம்கூட என் வரைக்கும் வராமல் பார்த்துக்கொள்வான்? நான் செய்ததை யோசிக்க ஒரு தனி மூளை வேண்டும், அது அவனுக்குக் கிடையாது. அதனால்தான் அவனோடு நான் நிம்மதியாக இருக்கிறேன். இவ்வளவுதான் விஷயம். ஏழு வருடத்துக்கு முந்தைய அந்தச் சாவுக்கு நான்தான் காரணம் என்று கமிட்டியில் எழுதிக்கொள். கையெழுத்து வேண்டுமானால் போடுகிறேன். இப்போது சொல், என்ன சொல்ல வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருக்கிறாய்?

"மிஸ் லோர்னா, நான் அந்தப் பழைய கோப்ப எடுக்கவே இல்ல. நீங்க சொல்ற கத எதுவும் எனக்குத் தெரியவும் தெரியாது. இந்த மாசம் ஒப்பந்தம் புதுப்பிக்கணும்ல, அதுக்காகப் பதிவேட்டப் பாத்தேன். தேதியப் பாருங்க."

பார்க்கிறேன். கண்ணாடியை எடுத்துக்கொள்கிறேன்.

அதே கனமான தாள், அதே முத்திரை. குபிசெக் கொலாச்சி எல்.பி. ஆண்டறிக்கை தாக்கல் செய்யாததால் கலைக்கப்பட்டது. பொதுப் பங்காளி, லோர்னா குபிசெக். பிப்ரவரி பதினொன்று. ஏழு வருடத்துக்கு முந்தையது இல்லை. இரண்டு வருடத்துக்கு முந்தையது. இரண்டு வருடமும் ஒரு மாதமும்.

"அடுத்த தாளையும் பாருங்க" என்கிறாய். "போன மாசம் பன்னெண்டாம் தேதி இதே பேர்ல வேற ஒண்ணு பதிவாயிருக்கு. பொதுப் பங்காளி, டுவேன் குபிசெக். நேத்துதான் ஒப்பந்தத்துல கையெழுத்துப் போட வந்தாரு. நல்லா இஸ்திரி போட்ட சட்ட. எதுக்கும் உங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுப் போகலாம்னு வந்தேன். நீங்கதான் என்னப் பேசவே விடல."

அந்தப் பிப்ரவரி பதினொன்று எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. பனி முழங்கால் வரைக்கும் கிடந்தது. டுவேன் நடந்தே வந்தான், கையில் துண்டு சுற்றிய ஏதோ ஒன்றை அணைத்துப் பிடித்துக்கொண்டு. பிரித்தால் என் நீலப்பூ பாத்திரம். ஐந்து வருடத்துக்குப் பிறகு திருப்பிக் கொண்டுவந்திருக்கிறான். அதுவும் வெறுமனே இல்லை. மூடியைத் திறந்தேன், ஆவி பறந்தது. கார்ன்ஃபிளேக்ஸ் பொன்னிறத்தில் இருந்தது.

"யாருடா செத்தது?" என்று கேட்டேன்.

"உனக்குத் தெரிஞ்சவங்கதான்க்கா."

"ஐயோ பாவம். ரொம்ப அவஸ்தையா?"

"இல்லக்கா. அவங்களுக்கு இன்னும் தெரியவே தெரியாது" என்றான்.

பாத்திரம் திரும்பி வந்த சந்தோஷத்தில் நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. உப்பு சரியாக இருந்தது. அவன் எதிரே உட்கார்ந்து நான் சாப்பிடுவதையே பார்த்துக்கொண்டிருந்தான். நான் இரண்டாம் தடவையும் போட்டுக்கொண்டேன்.